குறைவாகக் காட்டிய குழாய்கள்: வெளிக்காற்றில் பென்சீன் அளந்த அனுபவம்

கத்திரி வெயில் முடியும் தறுவாயில், வடசென்னையில் ஆலைகள் நிறைந்த மணலியை ஒட்டிய ஒரு வீட்டின் மொட்டை மாடியில் காற்று மாதிரி எடுக்கும் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மா படியேறி வந்து, “என்னம்மா, போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்படி ஒரு நாத்தம், கண்ணெல்லாம் எரிஞ்சுது. உங்க டியூப்ல எவ்வளவு வந்துது?” என்று கேட்டார். அந்த வாரக் குழாய்களின் முடிவுகள் அன்று காலைதான் என் கைக்கு வந்திருந்தன. அவற்றில் இருந்த பென்சீன், ஜனவரியில் அதே மாடியில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. “கம்மியாத்தாம்மா இருக்குது” என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவருடைய மூக்கும் கண்ணும் சொன்னதே சரி என்பதும், எங்கள் குழாய்கள்தான் தவறாகச் சொல்லியிருந்தன என்பதும் எனக்குப் புரிவதற்கு அதன்பின் ஏழு மாதங்கள் ஆயின.

வெளிக்காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் கரிம ஆவிகளை அளக்கும் வேலையை ஓர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். அந்த வேலையில் செய்த பிழைகளையும் அவற்றைக் கண்டுபிடித்த விதத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது பயன்படும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று. அளவைக் கூட்டிக் காட்டும் பிழைகள் எப்படியும் பிடிபட்டுவிடுகின்றன, ஏனென்றால் எண் பெரிதாக வந்தால் எல்லோரும் விழித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். குறைத்துக் காட்டும் பிழைகளை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. ஆலைக்காரருக்கு அது நிம்மதி, மாதிரி எடுக்கச் சொன்னவருக்கு நல்ல செய்தி, எங்களுக்கோ வேலை சுமுகமாக முடிந்தது என்ற நிறைவு. அந்தக் காற்றை மூச்சாக இழுப்பவருக்கு மட்டும்தான் அதனால் தீங்கு.

முதலில், எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இந்தியக் காற்றுத்தர நெறிகளின்படி, பென்சீனின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பென்சீன் மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட ஒன்று, ஆகவே இந்த எண் வெறும் சம்பிரதாயம் அன்று. ஒரு குழாயின் வழியாக 6 லிட்டர் காற்றை இழுத்தால், அந்த வரம்பளவில் குழாய்க்குள் சேரும் பென்சீன் 30 நானோகிராம்தான். இப்போது ஒரு துளி பெட்ரோலை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பெட்ரோலில் பென்சீன் கன அளவில் 1 விழுக்காடு வரை இருக்கலாம். அப்படியானால் 0.05 மில்லிலிட்டர் கொண்ட ஒரு துளியில் சுமார் 440 மைக்ரோகிராம் பென்சீன் இருக்கும், அதாவது எங்கள் குழாய் பிடிக்க வேண்டியதைப் போலப் பதினான்காயிரம் மடங்குக்கும் மேல். மாதிரி எடுக்க வரும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு, அதே கையால் குழாயின் மூடியைத் திறக்கும் ஒரு தம்பியால் ஒரு மாத உழைப்பு வீணாகிவிடும் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். நாங்கள் அதைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு, மாதிரி எடுக்கும் நாளுக்கு முதல் நாள் மாலையே வண்டியில் பெட்ரோல் நிரப்பிவிட வேண்டும் என்பது எங்கள் எழுதப்பட்ட விதிகளில் ஒன்றாயிற்று.

தொடக்க ஆண்டில் நாங்கள் பயன்படுத்தியவை சார்கோல் டியூப்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரியை முன்பக்கம் 100 மில்லிகிராம், பின்பக்கம் 50 மில்லிகிராம் என இரு பகுதிகளாக அடைத்த கண்ணாடிக் குழாய்கள் அவை. நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வீதம் 24 மணி நேரம் காற்றை இழுத்து, பிறகு கரியை 1 மில்லிலிட்டர் கார்பன் டைசல்ஃபைடில் ஊறவைத்து, அந்தக் கரைசலை, அதிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஜிசி (வாயு நிறப்பிரிகை) கருவியில் செலுத்துவோம். முதல் மாதத்திலேயே நான்கு இடங்களிலும் பென்சீன் வரம்பைத் தாண்டி வந்தது. அலுவலகமே பரபரப்பானது. கருவியைச் சரிபார்த்தோம், தரக்கரைசலைப் புதிதாகத் தயாரித்தோம், பம்புகளை மாற்றினோம். கடைசியில் எங்களுக்கு வழிகாட்டியது எண்களின் உயரம் அல்ல, அவற்றின் ஒற்றுமை. ஆலைகளுக்குக் காற்று வீசும் பக்கத்தில் இருந்த மாடியிலும், எதிர்ப்பக்கத்தில் கடலோரமாக இருந்த பள்ளிக்கூட மாடியிலும், ஒரு மைக்ரோகிராம் வித்தியாசத்துக்குள் ஒரே அளவு வந்திருந்தது. காற்று அப்படி எல்லோருக்கும் சரிசமமாகப் பங்கு வைப்பதில்லை. நான்கு குழாய்களுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவற்றை ஊறவைத்த கரைப்பான் புட்டி.

கார்பன் டைசல்ஃபைடில் பென்சீன் மாசாகக் கலந்திருப்பது இந்தத் துறையில் பழைய செய்தி, எங்களுக்குத்தான் புதிது. எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பென்சீன் அதில் இருந்தாலே, ஒரு மில்லிலிட்டரில் 1.26 மைக்ரோகிராம் ஆகிவிடும். 144 லிட்டர் காற்றுக்கு அதை வகுத்துப் பார்த்தால், ஒரு சொட்டுக் காற்றைக்கூட இழுக்காத குழாயும் கன மீட்டருக்கு 8.75 மைக்ரோகிராம் என்று காட்டும். அதாவது வரம்பைத் தாண்டிய காற்றை நாங்கள் புட்டியிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தோம்.

காற்று இழுக்காத குழாயை எங்கள் வழக்கில் பிளாங்க் என்போம். ஆய்வகத்திலேயே இருக்கும் பிளாங்க் ஒன்று. களத்துக்கு எடுத்துப் போய், மற்றக் குழாய்களைப் போலவே திறந்து மூடி, பம்பில் மட்டும் இணைக்காமல் திருப்பிக் கொண்டுவரும் களப் பிளாங்க் இன்னொன்று. தொடக்கத்தில் இந்த இரண்டாவதைச் செலவு என்று கருதித் தவிர்த்துவந்தோம். ஒரு குழாய்க்கு ஆகும் செலவைப் பார்த்தோமே தவிர, அது இல்லாமல் மற்ற எந்தக் குழாயின் எண்ணுக்கும் பொருளே கிடையாது என்பதைப் பார்க்கவில்லை. பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் நிறுவிய அமெரிக்க வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், அந்த அளவீட்டுக்காக ஈயத்தை அளக்கப் போய், தன் ஆய்வகத்தின் தூசியும் பாத்திரமும் வேதிப்பொருள்களும்கூட ஈயத்தைச் சுமந்துகொண்டிருப்பதைக் கண்டு, ஆண்டுக்கணக்கில் தூய்மைப்படுத்துவதிலேயே உழைத்தார். உலகெங்கும் பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிரான அவருடைய போராட்டத்தின் தொடக்கம், அந்தச் சுத்தமில்லாத பிளாங்க்தான். எனக்கு அவர் மீதுள்ள மதிப்பு, பூமியின் வயதைச் சொன்னதற்காக மட்டுமன்று, தன் கையிலிருந்தே மாசு வருகிறது என்பதை முதலில் சந்தேகிக்கத் துணிந்ததற்காகவும்தான்.

பிளாங்கில் வந்த அளவை மாதிரியின் அளவிலிருந்து கழித்துவிட்டால் தீர்ந்தது என்று எங்களில் சிலர் நினைத்தார்கள். கழிக்கலாம், ஆனால் கழித்த பிறகு எஞ்சுவது எவ்வளவு நம்பத்தக்கது என்றும் பார்க்க வேண்டும். மாதிரியில் 0.9 மைக்ரோகிராம், பிளாங்கில் 0.6, இரண்டிலும் கூட்டியும் குறைத்தும் 0.1 பிழைக்கு இடம் உண்டு என்று கொள்வோம். எஞ்சுவது 0.3, அதில் பிழை 0.14. எஞ்சியதில் ஏறக்குறைய பாதி பிழையாகவே நிற்கிறது. பெரிய பிளாங்கைக் கழித்துக் கிடைக்கும் சிறிய எண்ணை நான் இப்போது அறிக்கையில் எழுதுவதில்லை. பிளாங்கைச் சிறிதாக்கிய பிறகே மாதிரி எடுக்கப் போகிறேன்.

அதற்காகக் களத்திலும் பல பழக்கங்களை மாற்ற வேண்டியிருந்தது. குழாயின் மேல் எண் எழுதப் பயன்படுத்திய மார்க்கர் பேனாவின் மையிலேயே சைலீன் போன்ற கரைப்பான்கள் இருந்ததால், அதை விட்டுவிட்டு உலோகத்தில் பொறித்த எண்களுக்கு மாறினோம். கை கழுவும் சானிடைசர், நறுமணத் தைலம், புதிதாகச் சாயம் பூசிய கைப்பிடிச்சுவர், பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டர் ஆகிய எல்லாவற்றையும் களக் குறிப்பேட்டில் எழுதினோம். ஒரு பள்ளிக்கூட மாடியில் இரவு நேரக் குழாய்களில் மட்டும், நாங்கள் அளந்த இன்னொரு கரிம ஆவியான ஃபார்மால்டிஹைடு மிகுதியாக வந்தது ஏன் என்று நெடுநாள் விளங்கவில்லை. கருவியைப் பார்த்துக்கொள்வதற்காக அதன் அருகிலேயே படுத்த இரவுக் காவலர், கொசுவர்த்திச் சுருள் ஏற்றி வைத்துக்கொண்டார் என்பது ஓர் இரவு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் குற்றமில்லை, கருவியிடமிருந்து தள்ளிப் படுக்கும்படி நாங்கள் அவரிடம் சொன்னதே இல்லை.

இவையெல்லாம் கூட்டிக் காட்டிய பிழைகள். ஒவ்வொன்றையும் சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டோம், ஏனென்றால் எல்லோரும் கண்டுபிடிக்கச் சொல்லி நெருக்கினார்கள்.

இரண்டாம் ஆண்டில் கரைப்பான் தொல்லையே வேண்டாம் என்று, வெப்பத்தால் ஆவியை வெளியேற்றும் டெனாக்ஸ் டியூப்களுக்கு மாறினோம். எஃகுக் குழாய்க்குள் 200 மில்லிகிராம் டெனாக்ஸ் என்னும் பாலிமர் தூள், நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் வீதம் 2 மணி நேரம், மொத்தம் 6 லிட்டர். இந்த 6 லிட்டர் என்ற எண் எங்களுக்குக் கையேட்டிலிருந்து கிடைத்தது. அந்த அளவு குழாயில் பென்சீனுக்குப் பாதுகாப்பாக இழுக்கக்கூடிய காற்றின் அளவு சுமார் 6 லிட்டர் என்று அட்டவணையில் போட்டிருந்தது. அட்டவணையின் தலைப்பில் 20 டிகிரி செல்சியஸ் என்றும் இருந்தது. எல்லோரும் அதைப் படித்தோம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

குழாய்க்குள் நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். ஆவி, தூளின் பரப்பில் ஒட்டுகிறது, விடுகிறது, சற்றுத் தள்ளி மறுபடி ஒட்டுகிறது. காற்று தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, ஆவி மெதுவாக முன்னோக்கி நகர்ந்து, ஒரு கட்டத்தில் குழாயின் மறுமுனை வழியாக வெளியேறத் தொடங்கிவிடும். எங்கள் பேச்சில் இதற்கு பிரேக்த்ரூ என்று பெயர். வெப்பம் கூடக் கூட ஒட்டும் பிடி தளர்கிறது. ஏறத்தாழ 10 டிகிரி ஏறும்போதெல்லாம் பாதுகாப்பான காற்றளவு பாதியாகும் என்பது நடைமுறை விதி. 20 டிகிரியில் 6 லிட்டர் என்றால் 30 டிகிரியில் 3, 40 டிகிரியில் 1.5 லிட்டர். மே மாத மொட்டை மாடியில், வெயிலைப் பார்த்தபடி வைத்த தகரப் பெட்டிக்குள், குழாய் எவ்வளவு சூட்டில் இருந்திருக்கும்? பின்னாளில் பெட்டிக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, பிற்பகல் இரண்டு மணிக்கு 47 டிகிரி காட்டியது. பிடித்துவைக்கும் சக்தி ஒரு லிட்டருக்கும் கீழே இறங்கியிருந்த குழாயில் 6 லிட்டரை இழுத்துக்கொண்டிருந்தோம். உள்ளே வந்த பென்சீனின் பெரும்பகுதி மறுமுனை வழியாகப் பம்புக்குள் போய், திரும்பக் காற்றிலேயே கலந்துவிட்டது.

எண்கள் குறைந்தன. அதற்கு நியாயமான விளக்கமும் தயாராக இருந்தது, இந்த அனுபவத்தில் என்னை மிகவும் வருத்துவது அதுதான். கோடையில் தரையை ஒட்டிய காற்றடுக்கு உயரமாக எழும்பி மாசு நீர்த்துப்போகிறது, நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வருகிறது, வெயிலில் உண்டாகும் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் கரிம ஆவிகளைச் சிதைக்கின்றன, ஆகவே கோடையில் பென்சீன் குறைவது இயல்பு என்று நானே அரையாண்டு அறிக்கையில் எழுதினேன். மூன்றும் உண்மைகள்தான். உண்மையான காரணங்களைக் கொண்டு தவறான எண்ணுக்குக் காவல் போட்டிருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

டிசம்பரில் ஆண்டறிக்கைக்காக எல்லா எண்களையும் ஒரே தாளில் அடுக்கியபோது, பென்சீனின் அளவை, வாகனப் புகையில் அதோடு சேர்ந்து வரும் டொலுவீன் என்னும் ஆவியின் அளவால் வகுத்து ஒரு வரைபடம் போட்டேன். வாகனப் புகையின் தன்மையைப் பார்க்க வழக்கமாகப் போடும் வரைபடம்தான் அது. அந்த விகிதம் ஏப்ரலில் சரியத் தொடங்கி, மே மாதத்தில் அடிமட்டத்துக்குப் போய், மழை தொடங்கிய அக்டோபருக்குப் பின் மேலே ஏறியிருந்தது. இது தலைகீழ். வெயில்தான் ஆவிகளைச் சிதைத்தது என்றால், டொலுவீன்தான் முதலில் குறைந்திருக்க வேண்டும், ஏனெனில் அது பென்சீனைவிடச் சுமார் ஐந்து மடங்கு விரைவாகச் சிதையக்கூடியது. கோடையில் விகிதம் ஏற வேண்டும், இறங்கக் கூடாது. உடன் பணியாற்றிய ஒருவர், கோடையில் பெயின்டும் கரைப்பானும் அதிகம் ஆவியாவதால் டொலுவீன் கூடியிருக்கலாமே என்று சொன்னார். அதுவும் நடக்கக்கூடியதுதான், ஆனால் டொலுவீனின் அளவு கூடியிருக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க, பென்சீன் மட்டும் விலகியிருந்தது. டெனாக்ஸில் டொலுவீனின் பாதுகாப்பான காற்றளவு பென்சீனுடையதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு என்பதை அன்று மாலை மறுபடி அட்டவணையில் பார்த்தபோதுதான், அதன் தலைப்பில் இருந்த 20 டிகிரி என் கண்ணில் உறைத்தது.

ஊகம் போதாது என்பதால் சோதனை செய்தோம். ஆய்வகத்தில் ஓர் அடுப்பை 40 டிகிரியில் நிறுத்தி, அளவு தெரிந்த பென்சீனும் டொலுவீனும் கலந்த தர வாயுவை, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த இரண்டு குழாய்களின் வழியாக 6 லிட்டர் ஓட்டினோம். முன்குழாய் நன்றாகப் பிடித்துவைத்திருந்தால் பின்குழாயில் ஒன்றும் இருக்கக் கூடாது, 5 விழுக்காட்டுக்கு மேல் கண்டாலே பிரேக்த்ரூ என்று கொள்வது வழக்கம். எங்கள் பின்குழாயில் முன்குழாயில் இருந்ததற்குச் சமமாகவே பென்சீன் இருந்தது. டொலுவீன் முழுவதும் முன்குழாயிலேயே தங்கியிருந்தது. அடுத்த ஏப்ரலில் அதே மொட்டை மாடியில் இன்னொரு வகையிலும் பார்த்தோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999இல் வெளியிட்ட டிஓ-17 முறையில் ஓர் எளிய உத்தி உண்டு. ஒரே நேரத்தில், அருகருகே, ஒரு குழாயில் 1 லிட்டரும் இன்னொன்றில் 4 லிட்டரும் இழுக்க வேண்டும். காற்று ஒன்றே என்பதால், லிட்டருக்குக் கணக்கிட்டால் இரண்டும் 25 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். சிறிய அளவு இழுத்ததைவிடப் பெரிய அளவு இழுத்தது குறைவாகக் காட்டினால், ஒன்று பெரிய அளவு இழுத்த குழாய் ஒழுகுகிறது, அல்லது பிளாங்க் அழுக்காக இருந்து சிறிய அளவு இழுத்ததைக் கூட்டிக் காட்டுகிறது. கூட்டும் பிழையையும் குறைக்கும் பிழையையும் ஒரே சோதனையில் காட்டிக்கொடுக்கும் இந்த இரட்டைக் குழாய் முறையை, செலவைப் பாராமல் பத்தில் ஒரு மாதிரிக்காவது செய்யுங்கள் என்று இந்த வேலைக்கு வரும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு குழாயை மாற்றினோம். முன்னால் டெனாக்ஸும், அதன் பின்னால் பென்சீனை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் கிராஃபைட் வகைக் கரியும் அடைத்த ஈரடுக்குக் குழாய், நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர், 2 மணி நேரத்துக்கு 1.2 லிட்டர், வெள்ளைச் சாயம் பூசி ஓலைத் தட்டியின் நிழலில் வைத்த பெட்டி, அதற்குள் ஒரு வெப்பமானி. ஈரடுக்குக் குழாயில் அம்புக்குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் கனமான ஆவிகள் நேராகக் கரியில் போய் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு சூடேற்றினாலும் முழுமையாக வெளியே வராமல், அடுத்த மாதிரியையும் சேர்த்துக் கெடுக்கும். கரிக்கு ஈரம் ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. சென்னையின் விடியற்காலை ஈரப்பதத்தில் கரி தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குழாயை உடனே திறந்தால் உள்ளே பனித்துளி படியும். ஆகவே குழாய் வெளி வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறக்காமல் காத்திருக்கிறோம்.

குறைத்துக் காட்டும் பிழைகளைத் தேட வேண்டும் என்ற எண்ணம் வந்த பிறகு, அவை வேறு இடங்களிலும் கண்ணில் படத் தொடங்கின. குழாய்க்கும் பம்புக்கும் இடையிலுள்ள இணைப்பில் ஒழுகல் இருந்தால், பம்பு தன் அளவுக்குக் காற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கும், காற்றோட்டத்தை மிதவையால் காட்டும், பம்பில் உள்ள ரோட்டாமீட்டரும் சரியாகவே காட்டும், ஆனால் அந்தக் காற்றில் ஒரு பகுதி குழாய்க்குள் நுழையாமல் ஒழுகல் வழியாக வந்தது. கணக்கில் காற்றளவு மிகுந்து, செறிவு குறைந்துவிடும். இதற்கு மருந்து ஒரு நிமிட வேலைதான். குழாயின் வாயை மூடிப் பாருங்கள், ரோட்டாமீட்டரின் மிதவை முழுவதுமாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஒழுகல் உண்டு. ஓட்டத்தை அளக்கும்போது உண்மையில் பயன்படுத்தப் போகும் குழாயை மாட்டிய பிறகே, குழாயின் நுழைவாயில் பக்கம் சோப்புக் குமிழி மீட்டரை வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். மின்கலம் சோர்ந்து இரவில் ஓட்டம் தளர்ந்துவிட்டால், தொடக்க அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண் மறுபடியும் குறைவாகவே வரும். வெப்பநிலைத் திருத்தம் இதைவிடச் சிறியது, எனினும் விட்டுவிடக் கூடியதன்று. 40 டிகிரியில் இழுத்த காற்றை 25 டிகிரிக்கு மாற்றாமல் விட்டால் 5 விழுக்காடு தவறு, வேறொருவர் 0 டிகிரிக்கு மாற்றி எழுதிய எண்ணோடு அதை ஒப்பிட்டால் ஏறத்தாழ 15 விழுக்காடு தவறு.

ஃபார்மால்டிஹைடை அளக்க, அதோடு வினைபுரிந்து சேர்மமாகும் டிஎன்பிஹெச் என்னும் வேதிப்பொருளைப் பூசிய குழாய்களிலும் இதே கதைதான். காற்றிலுள்ள ஓசோன், அந்தப் பூச்சையும் அதில் உருவான சேர்மத்தையும் அரித்துவிடும். கோடை நண்பகலில் ஓசோன் ஏறுகிறது, அதே வெயிலில்தான் ஃபார்மால்டிஹைடும் காற்றில் உண்டாகிறது, அதாவது அது மிகுதியாக இருக்கும் நேரத்தில்தான் குழாய் மிகவும் குறைத்துக் காட்டும். முன்னால் பொட்டாசியம் அயோடைடு அடைத்த ஓசோன் வடிகட்டியை வைத்தால் தடுக்கலாம். ஆனால் நம் கடற்கரை ஈரத்தில் அந்த உப்பு நீர்த்து, கட்டியாகி, காற்றோட்டத்தை அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை ஒவ்வொரு மாதிரிக்கும் மாற்றி, ஓட்டத்தை இருமுறை அளக்கிறோம். வேறு நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

குழாயில் பிழையே இல்லாவிட்டாலும் எண்ணை எழுதும் விதத்தில் குறைப்பு நேர்ந்துவிடும். கண்டறியும் வரம்புக்குக் கீழே வந்த மாதிரிகளைப் பூஜ்யம் என்று போட்டுச் சராசரி எடுத்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். “காணப்படவில்லை” என்ற சொல்லுக்குப் பக்கத்தில், எந்த அளவுக்குக் கீழே உங்கள் கருவியால் காண முடியாது என்ற எண் கட்டாயம் இருக்க வேண்டும். நெறி 5 மைக்ரோகிராமாக இருக்க, உங்கள் கண்டறியும் வரம்பு 4 என்றால், காணப்படவில்லை என்பதால் அந்த ஊர் மக்களுக்கு ஓர் ஆறுதலும் இல்லை. அதேபோல, ஓர் இரவில் ஒரு மணி நேரம் 60 மைக்ரோகிராமும் மற்ற 23 மணி நேரமும் 2 மைக்ரோகிராமும் இருந்தால், 24 மணிச் சராசரி 4.4 என்று வரும். அந்த எண் சரியானதே. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வந்த நாற்றத்தைப் பற்றிக் கேட்டவருக்கு அது விடையன்று. ஆண்டுக்கு 104 நாள், வாரம் இருமுறை என்பது நீண்டகாலச் சராசரிக்கான ஏற்பாடு. அதைக் கொண்டு ஓர் இரவைப் பற்றிப் பேசக் கூடாது.

பழைய எண்களை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஏதாவது ஒரு பெருக்கெண்ணால் திருத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருந்தது என்ற பதிவே இல்லாதபோது, எந்த எண்ணால் பெருக்குவது? ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நான்கு இடங்களின் பென்சீன் பத்திகளையும் அடித்துவிட்டு, காரணத்தையும் சோதனை முடிவுகளையும் இணைத்து, அறிக்கை பெற்ற எல்லோருக்கும் கடிதம் அனுப்பினோம். டொலுவீனும் சைலீனும் அப்படியே நின்றன. கடிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. அதைப் போடும்போது, கோடையில் பென்சீன் குறைவது இயல்பு என்று நான் எழுதிய பத்தியும் அதே கோப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. அதை நீக்கவில்லை, மேலே ஒரு கோடு கிழித்துத் தேதி போட்டு வைத்தேன்.

மொட்டை மாடி வீட்டு அம்மாவிடம் கடிதத்தைக் கொடுப்பதில் பயனில்லை என்பதால் நேரில் போய்ச் சொன்னேன். கோடையில் எங்கள் குழாய் சூட்டில் ஒழுகிவிட்டது, நான் கம்மி என்று சொன்னது தப்பு என்றேன். “அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், தினசரி நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்களை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்றம் வந்த ஒவ்வொரு இரவும், அந்த நாளின் தாளுக்குப் பின்பக்கம் நேரத்தை எழுதி வைத்திருந்தார். சில தாள்களில் எந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வந்தது என்பதும் இருந்தது. அவற்றைக் காற்றுத் திசைப் பதிவோடு சேர்த்துப் பார்த்து, நாற்றம் மிகுதியும் வந்த நள்ளிரவு முதல் அதிகாலை நான்கு மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழாயாகத் தனி மாதிரிகள் எடுக்கத் தொடங்கினோம். அந்தத் தாள்கள், குழாய்களின் எண்களோடு அதே கோப்பில் இருக்கின்றன.